கரிய மதுவும் பனைமுட்டியும்



மன்னார்த் தீவிலே நண்பர் ஒருவர் அளித்த விருந்தில், ஸ்டவுட் என்னும் கரிய பியருடன் போர்ட் என்னும் திராட்சை மதுவைக் கலந்து ஒரு கிண்ணம் தந்தனர். முதலில் நாவை எட்டியது, வறுத்த கோப்பியை ஒத்த கசப்பு. வாற்கோதுமையைக் கருக வறுப்பதனால் வருவது அது. அதனைத் தொடர்ந்து உலர்ந்த திராட்சையின் இனிமை பரவிற்று. இறுதியில் தொண்டையிலே வெம்மை எஞ்சியது.

இவ்வினிமை எவ்வாறு வந்தது? போர்த்துக்கல்லின் டோரோ ஆற்றுப் பள்ளத்தாக்கிலே, திராட்சைச் சாறு புளித்து முடியுமுன் அதில் திராட்சைச் சாராயத்தைச் சேர்ப்பர். புளிப்பு நின்றுவிடும், சர்க்கரை தங்கிவிடும். மன்னார் மக்கள் இதனை எளிதில் உணர்வர். பனம்பாளையிற் கட்டும் முட்டியிலே சுண்ணாம்பு பூசினாற் கருப்பநீர், பூசாவிடிற் கள். அங்கே சாராயம் செய்யும் காவலை இங்கே சுண்ணாம்பு செய்கிறது.

ஆயினும், கருப்பநீரைக் குழந்தையும் பருகலாம்; போர்ட்டிலோ நூற்றுக்கு ஏறக்குறைய 20 பங்கு மதுசாரம். இலங்கையின் லயன் ஸ்டவுட்டிலும் அது 8 பங்குக்குக் குறையாது. தனி ஸ்டவுட்டின் கசப்பு நம்மை மெல்லக் குடிக்கச் செய்யும். போர்ட்டின் இனிப்பு அத்தடையை நீக்கிவிடுகிறது.

அன்றிரவு மோட்டார்ச் சைக்கிளிலே பாலங் கடந்து பெருநிலம் செல்லவிருந்த இளைஞர் ஒருவர், "பானகம்போல் இருக்கிறதே!" என்று இரண்டாம் கிண்ணத்துக்குக் கை நீட்டினார். வண்டிச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டு, விடியும்வரை அவரைத் தீவிலேயே தங்கச் செய்தோம்.