பிளேட்டுக்கும் பிளேட்டுக்கும் என்ன சம்பந்தம்?



போன ஞாயிற்றுக்கிழமை காலையில் பெங்களூர் சிக்பேட்டை சண்டே பஜாருக்குப் போயிருந்தேன். பழைய மிக்ஸி, துருப்பிடித்த ஸ்பேனர், ஜோடி இல்லாத ஷூ, இதற்கெல்லாம் நடுவில் கோணியை விரித்து இசைத்தட்டு விற்கிறவர் ஒருவர் இருக்கிறார். என்னைத் தூரத்தில் பார்த்ததுமே, "சார், உங்க மாதிரி பிளேட்டு வந்திருக்கு" என்றார். "என் மாதிரின்னா?" என்று கேட்டேன். "வேற யாரும் கேக்காதது" என்றார்.

அவரிடம் இரண்டு தட்டு வாங்கினேன். அதற்கு முந்தின வாரம்தான் ஜெர்மனியில் வேலை பார்க்கும் தம்பி மகன் ஒரு எல்.பி. கொண்டுவந்து கொடுத்திருந்தான். ஆக, மூன்று புது வரவு. அலமாரியில் சூலமங்கலம் சகோதரிகளுக்கும் ராஜ்குமார் படப் பாட்டுகளுக்கும் நடுவே இடம் ஒதுக்கிக்கொண்டிருந்தபோது, என் மனைவி முப்பது வருஷமாகக் கேட்கிற கேள்வியை அன்றும் கேட்டாள். "இதுக்கும் அதுக்கும் என்னங்க சம்பந்தம்?"

இந்தத் தடவை என்னிடம் பதில் இருந்தது.

முதலில் ஜெர்மனியிலிருந்து வந்த எல்.பி. பெயர் 'ஜோதி'. 1983இல் மியூனிக்கின் இ.சி.எம். நிறுவனம் வெளியிட்டது. சாக்ஸபோனும் புல்லாங்குழலும் வாசிப்பவர் சார்லி மரியானோ என்ற அமெரிக்கர். பாஸ்டன் நகரத்துக்காரர், ஜாஸ் உலகில் சார்லஸ் மிங்கஸ் போன்ற பெரிய கைகளோடு வாசித்தவர். அதோடு நிற்காமல், நாகஸ்வரத்தில் மோகம் பிடித்து, அதைக் கற்றுக்கொள்ள இந்தியாவுக்கே வந்து தங்கியவர். இந்தத் தட்டில் அவரோடு இருப்பவர்கள் யார்? நம் பெங்களூர்க்காரர்கள்! மிருதங்க வித்வான் டி.ஏ.எஸ். மணி 1964இல் இங்கே தொடங்கிய கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் குழுவினர். பாடுபவர் அவருடைய மனைவி ஆர்.ஏ. ரமாமணி. கடம், கஞ்சிரா, மோர்சிங், கொன்னக்கோல் எல்லாம் உண்டு. நம் ஊர் சொற்கட்டு ஜெர்மனியில் பதிவாகி, விமானமேறி, நாற்பது வருஷம் கழித்து என் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. நியாயமாகப் பார்த்தால் இதைச் சூலமங்கலம் சகோதரிகளுக்குப் பக்கத்தில்தான் வைக்கவேண்டும். 'வெளிநாடு' என்று எழுதி ஒட்டிய அடுக்கில் வைத்தால் அது எனக்கே பொறுக்காது.

இரண்டாவது, சண்டே பஜார் தட்டு. எச்.எம்.வி.யின் 12 அங்குல 78 ஆர்.பி.எம். தட்டு. நிகோலாய் மெட்னர் என்ற ரஷ்யர் தன் இசையைத் தானே பியானோவில் வாசித்தது. பெயரைக் கேட்டதில்லையே என்கிறீர்களா? அந்தக் காலத்து லண்டனிலேயே பலர் கேட்டதில்லை. புரட்சிக்குப் பிறகு நாட்டைவிட்டு வெளியேறி, லண்டனில் வசதியில்லாமல், உடம்பும் கெட்டுப்போய் இருந்த மனிதர். அவருடைய இசையைப் பதிவு செய்யப் பணம் கொடுத்தவர் மைசூர் மகாராஜா ஜெயசாமராஜ உடையார்.

அந்த ராஜாவைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசத்தான் வேண்டும். 1964 முதல் 1966 வரை சென்னையில் கவர்னராக இருந்தவர் என்பது தமிழ் நேயர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். இளவயதில் மேடை ஏறும் பியானோ கலைஞராக வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. 1940இல் அடுத்தடுத்து தகப்பனாரும் பெரியப்பாவும் காலமாகிவிட, இருபத்தொரு வயதில் அரியணையில் உட்கார வேண்டியதாயிற்று. பியானோக் கனவு அதோடு முடிந்தது. ஆனால் காது சும்மா இருக்குமா? கடையில் கிடைப்பதையெல்லாம் வாங்கினார். கிடைக்காததைச் செய்யச் சொன்னார். மெட்னருக்கென்றே ஒரு சங்கம் அவர் ஆதரவில் உருவாகி, மெட்னரின் மூன்று பியானோ கான்செர்ட்டோக்களும் தட்டில் ஏறின. மெட்னர் நன்றியோடு மூன்றாவதை ராஜாவுக்கே காணிக்கையாக்கினார்.

1950ஆம் வருஷம் மே 22ஆம் தேதி, லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில், இசையமைப்பாளர் ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் 'கடைசி நான்கு பாடல்கள்' முதல் முறையாக அரங்கேறின. அதற்குப் பண உத்தரவாதம் கொடுத்தவரும் இந்த ராஜாதான். 4,800 டாலர். நேரில் போக முடியவில்லை. கச்சேரியைப் பதிவு செய்து மைசூருக்கு அனுப்பச் சொன்னார். அப்போது அவரிடம் சுமார் 20,000 தட்டுகள் இருந்ததாகக் கணக்கு. அந்தக் கச்சேரித் தட்டுகள் பிற்காலத்தில் எல்.பி.யாக வெளிவருவதற்குள் மிகவும் தேய்ந்துபோயிருந்தன. எத்தனை முறை ஊசி ஓடியதோ! இதே மனிதர்தான் வீணை கற்று, ஸ்ரீவித்யா முத்திரையோடு தொண்ணூற்று நான்கு கீர்த்தனைகள் இயற்றினார். அவருடைய அரண்மனையில் யாராவது, 'மகாபிரபு, இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்' என்று கேட்டிருப்பார்களா? கேட்டிருந்தால் ராணியாகத்தான் இருக்கும்.

மூன்றாவது தட்டுக்கு வருகிறேன். லேபிள் முழுசாக உரிந்துவிட்டது. லேபிள் ஓரத்திலிருந்து வெளியே ஒரு விரல்கடை நீளத்துக்குக் கீறல். முதலில் அழுக்கு போகவேண்டும். இதில் எனக்கு ஒரு பழைய சூடு உண்டு. எல்.பி.யைத் துடைப்பதுபோல் ஒருமுறை 78ஐயும் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். தட்டு பிசுபிசுவென்று ஆகி, பஞ்சோடு பாட்டும் வந்துவிட்டது. பழைய தட்டு அரக்கு கலந்து செய்தது. மரச்சாமானுக்குப் பாலிஷ் போடும் தச்சர் அரக்கை எதில் கரைக்கிறார்? ஸ்பிரிட்டில்தானே. வீட்டில் பீரோவுக்கு பாலிஷ் போட்டபோது பக்கத்தில் நின்று பார்த்தவனுக்கு இது தோன்றவில்லை. இப்போதெல்லாம் ஆறின தண்ணீர், ஒரு சொட்டு சோப்பு, மெத்தென்ற துணி, அவ்வளவுதான்.

கழுவி, நிழலில் காயவைத்து, 78க்கான தடித்த ஊசியை மாட்டிப் போட்டேன். ஒரு பெண் குரல். மைக் வராத காலத்துப் பதிவு, புனலுக்குள் தலையை விட்டுப் பாடுவதுபோல் உரக்கப் பாடுகிறார். மூன்று நிமிஷம்கூட இல்லை. பாட்டு முடிந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஏனென்றால் அந்தக் காலத்தில் பாடகர்களே பெயரைச் சொல்லி முடிக்கிற வழக்கம் உண்டு. 1902இல் கல்கத்தாவில் பாடிய கௌஹர் ஜான் தன் பெயரை ஆங்கிலத்தில் சொல்லித்தான் தட்டை முடிப்பார். மெழுகில் எடுத்த பதிவு கப்பலேறி ஜெர்மனியின் ஹானோவருக்குப் போகும். அங்கே தட்டு அச்சடிக்கிறவனுக்கு எது யாருடையது என்று தெரியவேண்டுமே! அந்த கௌஹர் ஜானும் கடைசியில் வந்து சேர்ந்தது மைசூர் அரண்மனைக்குத்தான். 1930இல் மைசூரிலேயே கண்ணை மூடினார்.

என் தட்டிலும் அந்த அம்மாள் பேசினார். ஊரைச் சொல்லி, பெயரைச் சொன்னார். ஆனால் கீறல் சரியாக அந்த இடத்தில்தான் இருக்கிறது. ஊர்ப் பெயரில் ஒரு 'டக்', அவர் பெயரில் ஒரு 'டக்'. மிச்சம் "அம்மாள்" மட்டும். திரும்பப் போட்டேன். இன்னொரு தடவை போட்டேன். அடுக்களையிலிருந்து மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டாள்.

"கோலார்னு சொல்றாங்க" என்றாள். அவள் பிறந்தது கோலார் தங்கவயலில்.

"இல்லை, வேலூர்" என்றேன். எனக்குக் குடியாத்தம்.

நேற்று ராத்திரிகூட மறுபடியும் போட்டுப் பார்த்தோம். அவளுக்கு இன்னும் கோலார்தான்.