அகத்திற்குப் பெயரில்லை
(திருவரங்கத்தில் ஆற்றப்பெற்ற உரை)



தமிழன் தன் வாழ்வை அகம் என்றும் புறம் என்றும் பகுத்தான். புறத்திணையில் வேந்தன் பெயர் உண்டு, ஊர் உண்டு, கொடையும் உண்டு, கொடுமையும் உண்டு. அகத்திணையிலோ தலைவன், தலைவி என்பதன்றி எவர் பெயரையும் சுட்டிச் சொல்லலாகாது என வரையறுத்தது தொல்காப்பியம். காதலைப் பாடலாம், காதலித்தவரைக் காட்டிக்கொடுக்கலாகாது. இது வெறும் இலக்கணமன்று, இனத்தின் பண்பாடு.

இவ்வரம்பு கடந்ததன் விளைவைத் திருச்சிராப்பள்ளி நன்கறியும். இவ்வூரில் வளர்ந்து, இசையால் தமிழ்நாட்டையே ஆட்கொண்டவர் தியாகராச பாகவதர். சென்னையில் இலக்குமிகாந்தன் நடத்திய 'சினிமா தூது', 'இந்து நேசன்' ஆகிய இதழ்கள், நடிகர்தம் வீட்டுச் செய்திகளையே விற்பனைப் பொருளாக்கின. 1944 நவம்பரில் அவர் கத்தியாற் குத்துண்டு மாண்டார். கொலைச் சூழ்ச்சியிற் பங்குண்டு எனப் பாகவதரும் கலைவாணர் கிருட்டிணனும் 1945இல் வாழ்நாள் ஒறுப்புப் பெற்றனர். இலண்டன் பிரிவிக் கவுன்சில் வழக்கைத் திருப்பியனுப்ப, 1947இல் சென்னை உயர் நயன்மன்றம் இருவரையும் விடுவித்தது. எனினும் பாகவதரின் பழைய புகழ் மீளவேயில்லை. 1959இல் மறைந்த அவர், திருச்சிச் சங்கிலியாண்டபுரத்தில் உறங்குகிறார். எழுதியவர் உயிரிழந்தார், எழுதப்பட்டவர் வாழ்விழந்தார், வாங்கிப் படித்துச் சுவைத்த கூட்டமோ எதனையும் இழக்கவில்லை!

அன்று எழுதுகோல் செய்ததை இன்று ஒளிப்படக் கருவி செய்கின்றது. 1997 ஆகத்து 31இல், பாரிசு நகரச் சுரங்கச் சாலையில், ஒளிப்படக்காரர் துரத்திவந்த இளவரசி தயானாவின் மகிழுந்து மோதி நொறுங்கியது, மூவர் மாண்டனர். அதன் ஓட்டுநரும் பின்தொடர்ந்த வண்டிகளும் கடுங்கவனக்குறைவாக ஓட்டியமையே சாவுக்குக் கரணியம் என, 2008இல் இலண்டன் சான்றாயத்தார் முடிவுரைத்தனர்.

துரத்துமிடம் எல்லார்க்கும் உரிய தெருவன்றோ? திருவரங்கத்துச் சித்திரை வீதியில், திருவிழா நெரிசலில், வழிபட வந்த நடிகையை நோக்கி நூறு கைப்பேசிகள் பாய்ந்தால், முதலில் வீழ்பவர் யார்? கைக்குழந்தை ஏந்திய தாயும் கோலூன்றிய முதியவருமே!

"அப்படியாயின் பெரியோர் குற்றத்தை மூடிமறைப்பதோ?" எனச் சிலர் வினவுவர். கூடவே கூடாது! நக்கீரன் இதழாசிரியர் தொடுத்த வழக்கில், 1994இல், உச்ச நயன்மன்றம் இரண்டையும் தெளிவாகப் பிரித்தது. ஒருவர்தம் குடும்பம், மணம், மகப்பேறு முதலியவற்றை அவர் இசைவின்றி வெளியிடலாகாது. பொது ஆவணத்தில் உள்ளதையும் அரசு அலுவலரின் பணிச் செயலையும் வெளியிடத் தடையில்லை. 2017இல் ஒன்பது நடுவர் கூடித் தனியுரிமை அடிப்படை உரிமையே என்றனர். தொல்காப்பியம் கிழித்த கோட்டினருகே இன்றுதான் சட்டம் வந்து நிற்கின்றது!

ஆகவே, இதழாளரே! ஆட்சியாளன் கருவூலத்திற் கைவைத்தானா? பெயரிட்டு எழுதுக, படமிட்டுக் காட்டுக. அது புறம். அவன் வீட்டுச் சாளரத்தை எட்டிப் பாராதீர். அது அகம்.

தமிழ்மக்களே! வாங்குவோர் உள்ளவரை விற்போர் இருப்பர். இழிந்த படத்தை வாங்காதீர், பாராதீர், பரப்பாதீர். அகம் காத்த இனம் நாம் என்பதை நம் கைகளே மெய்ப்பிக்கட்டும்!

வாழ்க தமிழ்!