பதினெட்டுக் கச்சேரி
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழாவில் பேச வருவோர் பழம்பெருமை பேசுதல் மரபு. யானும் ஒரு பழங்கட்டடத்தைப் பற்றியே பேச வந்துள்ளேன். ஆயினும் பெருமை பேசி அமைவது என் கருத்தன்று. இன்று காலைப் பொதுக்குழுவில் முடிவு காணாது விடப்பட்ட வினா ஒன்று உண்டு. நாம் எழுப்பவிருக்கும் மண்டபம் யாருக்காக என்பதே அது. அதற்கு விடை தேடியே அக்கட்டடத்திடம் செல்கின்றேன்.

பெங்களூரில் விதான சௌதாவுக்கு எதிரே, கப்பன் பூங்காவின் விளிம்பில், செந்நிறத்தில் நீண்டு கிடக்கும் ஈரடுக்கு மாளிகையை நீங்கள் யாவரும் அறிவீர்கள். இன்று அது கருநாடக உயர்நீதிமன்றம். ஆனால் நீதிமன்றத்துக்கெனக் கட்டப்பெற்றதன்று. அதன் பெயர் அட்டாரா கச்சேரி. 'அட்டாரா' எனில் பதினெட்டு. கச்சேரி எனில் அலுவலகம். நம் பாட்டனார் காலத்துத் தமிழிலும் கச்சேரி என்ற சொல்லுக்கு இப்பொருள் உண்டு. பாட்டுக் கச்சேரி ஒன்றையே நாம் இன்று நினைக்கின்றோம்.

மைசூர் நாடு ஆங்கில ஆணையரின் ஆட்சியில் இருந்த காலம் அது. அரசின் அலுவலகங்கள் கோட்டையினுள் திப்பு சுல்தானின் அரண்மனையில் இயங்கி வந்தன. அவற்றுக்கெனத் தனி மாளிகை 1864இல் தொடங்கப்பெற்று 1868இல் முடிவுற்றது. பௌரிங் அப்போது ஆணையர். பதினெட்டுத் துறைகளும் கிரேக்க முறைத் தூண்கள் தாங்கும் அம்மாளிகையில் குடியேறின. பின்னர் 1956இல் விதான சௌதா எழுந்தது. தலைமைச் செயலகம் அங்கே பெயர்ந்தது. அலுவலர் இருந்த அறைகளுக்கு நீதிபதிகள் வந்தனர். ஆணை பிறந்த இடத்தில் முறையீடு கேட்கப்படலாயிற்று.

இம்மாளிகையைக் கட்டும் பொறுப்பை ஏற்று முடித்தவர் ஆற்காடு நாராயணசாமி முதலியார் என்னும் தமிழர். இப்பெயரைக் கேட்டதும் உங்களுள் பலர் கைதட்ட விழைவீர்கள். சற்றே பொறுக்க வேண்டுகிறேன். கட்டட ஒப்பந்தம் எடுத்தல் ஒரு தொழில். அதில் ஊதியம் உண்டு. அத்தொழிலைத் திறம்படச் செய்தவர் பலர். கல் சுமந்தும் சுண்ணாம்பு அரைத்தும் உழைத்தவர் அவரினும் பலர். அவர்கள் பெயர் ஏட்டில் இல்லை. முதலியாரை நாம் நினைக்க வேண்டிய காரணம் வேறு.

மாளிகை முடிந்து ஐந்தாண்டு கழித்து, 1873இல், தண்டுப் பகுதியின் ஏழைச் சிறுவர்க்கென அவர் ஒரு பள்ளி தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்த கல்வி நிலையங்கள் இன்றும் அவர் பெயர் தாங்கி நடைபெறுகின்றன. பிழைக்க இடந்தந்த ஊருக்கு அவர் திருப்பித் தந்தது அதுவே.

இன்னும் ஒன்று சொல்வேன். 1980களில் அக்கச்சேரியை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்ற திட்டம் எழுந்தது. நகரத்துக் குடிமக்கள் எதிர்த்து வழக்கிட்டனர். எந்தக் கட்டடத்தின் வாழ்வு வினாவாயிற்றோ, அந்தக் கட்டடத்தினுள்ளேயே அவ்வழக்கு நடந்தது. கட்டடம் பிழைத்தது. வழக்கிட்டவர்கள், "கட்டியவன் எம்மவன்" என்று உரிமை கொண்டாடியவர்கள் அல்லர். "இது எங்கள் ஊரின் உடைமை" என்று எண்ணியவர்கள். அதன் முன்றிலில் நின்ற கப்பன் துரையின் சிலையோ 2020இல் பூங்காவினுள் இடம் பெயர்ந்தது. சிலைகள் பெயர்ந்துவிடும், ஊருக்குப் பயன்படுவதை ஊரே காத்துக்கொள்ளும்.

இனி நம் வினாவுக்கு வருவோம். மண்டபத்தை உறுப்பினர் இல்லத் திருமணங்களுக்கு மட்டும் ஒதுக்குக என்றனர் சிலர். மாலைதோறும் அண்டைத் தெருக் குழந்தைகளுக்கும் வகுப்பு நடத்துக, தமிழோடு கன்னடமும் கற்பிக்க என்றனர் வேறு சிலர். முன்னவரின் அச்சத்தை யான் எள்ளி நகையாடேன். சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அது. பிறர் கைக்குப் போய்விடுமோ என்ற கவலை இயல்பே. ஆயினும் பூட்டிய மண்டபத்தைக் காக்க நாம் மட்டுமே இருப்போம். திறந்த மண்டபத்தைக் காக்க நம் பிள்ளைகளோடு படித்த பிள்ளைகள் அனைவரும் வருவர்.

பதினெட்டுத் துறைக்கெனக் கட்டியது, கட்டியோர் கருதாத வகையில் நீதிக்கு இடமாயிற்று. நம் மண்டபமும் நாளை எதற்குப் பயன்படும் என்று நாம் அறியோம். அதன் கதவு எப்பக்கம் திறக்கும் என்பது மட்டும் இன்று நம் கையில் உள்ளது. அடுத்த பொதுக்குழுவில் அதனைத் தெருப்பக்கம் திறக்க முடிவு செய்யுமாறு உங்களை வேண்டி அமர்கின்றேன்.