முதல் நேர்முகத் தேர்வுக்கு ஓர் உடை

(பயிற்சி முடித்துச் செல்லும் மாணவ மாணவியருக்கும் பெற்றோருக்கும் நடந்த கூட்டத்தில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



போதகர் எழுந்தால் பிரசங்கம்தான் வரும் என்று எதிர்பார்ப்பீர்கள். இன்று சட்டையைப் பற்றியும் ஷூவைப் பற்றியும் பேசப்போகிறோம். ஏனென்றால் தேர்வு முடிவுகள் வரும் நாட்களில் எங்கள் அறைக்கு வரும் பெற்றோர் ஜெபத்தோடுகூட இதையும் கேட்கிறார்கள்: "ஐயா, பிள்ளைக்கு இன்டர்வியூ வந்திருக்கு. போட்டுக்கிட்டுப் போக நல்ல துணி இல்லை. வட்டிக்கு வாங்கிடலாமா?"

இதைச் சின்னக் கேள்வி என்று தள்ளிவிட எங்களால் முடியவில்லை. கட்டட வேலை செய்யும் ஒரு தகப்பனாரின் மகன் ஆய்வகப் பயிற்சியை நல்ல மதிப்பெண்ணோடு முடித்தான். நகரத்திலிருந்து அழைப்பும் வந்தது. பேருந்துக் கட்டணத்துக்குப் பணம் இருந்தும் அவன் போகவில்லை. பல நாள் கழித்துத்தான் காரணத்தைச் சொன்னான். அவனிடம் இருந்த இரண்டு சட்டைகளில் ஒன்று கழுத்தில் கிழிந்தது, மற்றது அண்ணனுடையது. "வாசல்ல நிக்கிற வாட்ச்மேனே என்னைத் திருப்பி அனுப்பிடுவாருன்னு நினைச்சேன் ஐயா" என்றான். மூன்று வருடப் படிப்பு ஒரு சட்டைக்காக அந்த வாய்ப்பை இழந்தது.

உடையைப் பற்றிக் கவலைப்படுவது ஆடம்பரம் என்று சொல்பவர்கள் உண்டு. நம்முடைய ஜனங்களின் சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை. இன்று கன்னியாகுமரி மாவட்டமாக இருக்கும் தென் திருவிதாங்கூரில், நாடார் குலப் பெண்கள் மார்பை மறைத்து உடுத்தும் உரிமைக்காகப் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. 1859இல்தான் அரசு அதற்கு அனுமதி அளித்தது. அப்போதும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. காலில் செருப்பும் தோளில் துண்டுமாகத் தெருவில் நடக்கக் கூடாது என்று தடுக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள். ஆகவே ஒரு ஏழை வீட்டுப் பிள்ளை சுத்தமான சட்டை அணிந்து, ஷூ மாட்டிக்கொண்டு, மேசைக்கு முன்னால் நாற்காலியில் அமர்வதைப் பெருமைக்காரனின் செயல் என்று ஒருவரும் சொல்லவேண்டாம்.

வேதத்திலும் இப்படி ஒரு காட்சி உண்டு. யோசேப்பைச் சிறையிலிருந்து பார்வோனிடம் அவசரமாய் அழைத்தபோது, அவர் முகத்தை மழித்து, உடையை மாற்றிக்கொண்டுதான் போனார். சொப்பனத்துக்கு அர்த்தம் சொல்லும் ஞானத்தை அந்த உடை அவருக்குக் கொடுக்கவில்லை. அந்த ஞானம் முன்பே இருந்தது. ராஜா அதைக் கேட்பதற்குத் தடையாக இருந்த சிறைக்கோலத்தை மட்டும் உடை நீக்கிற்று. நேர்முகத் தேர்வு உடைக்கும் வேலை அவ்வளவுதான். தேர்வு செய்கிறவர் உங்கள் துணியைப் பார்ப்பதை விட்டு, நீங்கள் சொல்வதைக் கேட்கும்படி அது செய்ய வேண்டும்.

இனி காரியத்துக்கு வருவோம்.

முதலாவது, வட்டிக்கு வாங்கவேண்டாம். வேலை கிடைக்கும் முன்னே கடன் கிடைத்துவிடும். முதல் சம்பளம் வரும்போது வட்டி அதற்கு முன் வாசலில் நிற்கும். ஒரு பேண்ட், இரண்டு சட்டை, ஒரு பெல்ட், ஒரு ஜோடி ஷூ போதும். கோட்டும் டையும் அழைப்பில் கேட்டிருந்தால் மட்டும் யோசிக்கலாம். அப்போதும் இரவல் வாங்குவதில் வெட்கமில்லை. இப்போது ஒரு உடையின் விலை ரூ.2,500 வரை இருந்தால் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் இப்படி இருக்கிறது. நமக்கு அந்த எல்லையைத் தாண்ட வேண்டிய அவசியமே இல்லை.

இரண்டாவது, நிறம். சட்டை வெள்ளையாகவோ இளநீலமாகவோ இருக்கட்டும். பேண்ட் கருநீலமோ அடர் சாம்பலோ இருக்கட்டும். இந்த நிறங்கள் ஒன்றோடொன்று சேரும். ஆகவே இரண்டு சட்டையும் ஒரே பேண்ட்டுக்குப் பொருந்தும். பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த துணி பேருந்துப் பயணத்தில் அதிகம் கசங்காது.

மூன்றாவது, அளவு. விலையைவிட இதுதான் கண்ணில் படும். தோள் தையல் தோள் எலும்பின் முனையில் நிற்க வேண்டும். கழுத்துப் பட்டனைப் போட்ட பின் இரண்டு விரல் உள்ளே நுழைய வேண்டும். கை மணிக்கட்டு வரை வர வேண்டும். ரெடிமேடில் இப்படி அமையாவிட்டால் துணி எடுத்துத் தையற்காரரிடம் கொடுங்கள். 58 அங்குல அகலத் துணி என்றால், நடுத்தர உடம்புக்கு முழுக்கைச் சட்டைக்கு ஏறக்குறைய 1.6 மீட்டரும் பேண்ட்டுக்கு 1.2 அல்லது 1.3 மீட்டரும் போதும். ஆனால் தேதிக்கு முந்தின நாள் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் தையற்காரரைக் குறை சொல்லக் கூடாது. இரண்டு வாரம் முன்பே கொடுங்கள்.

பெண்பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. பருத்திப் புடவையும் சரி, துப்பட்டாவைப் பின் குத்திய சுடிதாரும் சரி, இரண்டும் மரியாதையான உடைதான். 1935இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸில் தீபாவளிக் காலத்துத் தள்ளுபடியில் நல்ல கைத்தறிப் புடவை வாங்கிவைக்கலாம். கஞ்சி போட்டு இஸ்திரி செய்தால் எளிய புடவையும் நிமிர்ந்து நிற்கும். புடவை கட்டிப் பழக்கமில்லாதவர்கள் அன்றைக்குத்தான் முதல்முறை கட்டக் கூடாது. ஒரு வாரம் வீட்டில் கட்டி, படியேறி இறங்கிப் பழகுங்கள். நர்ஸிங் வேலைக்குப் போகிறவர்கள் நகத்தை ஒட்ட வெட்டி, மோதிரத்தையும் வளையலையும் கழற்றி, தலைமுடியைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு போகவேண்டும். நோயாளியைத் தொடும் கை எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்தவள் இவள் என்பதை, நீங்கள் பேசும் முன்னே அது சொல்லிவிடும்.

நான்காவது, ஷூ. மாலையில் வாங்குங்கள். பகலெல்லாம் நடந்தபின் பாதம் சற்று வீங்கியிருக்கும்; அப்போது பொருந்துவது எப்போதும் பொருந்தும். வாங்கியதும் வீட்டுக்குள் சில நாள் போட்டு நடங்கள். கொப்புளத்தோடு போகிறவன் கேள்வியைக் கவனிக்க மாட்டான்.

இந்த இடத்தில் எங்கள் வார்டில் சுகமான ஒரு வாலிபனை நினைக்கிறோம். தொழுநோய் முற்றிலும் குணமாகிவிட்டது. பாதத்தில் உணர்ச்சி மட்டும் திரும்பவில்லை. நேர்முகத் தேர்வுக்கென்று கூர்முனை வைத்த கெட்டியான ஷூ ஒன்றை ஆசையாய் வாங்கிவந்தான். உணர்ச்சியுள்ள காலுக்கு ஷூ கடித்தால் வலிக்கும், நாம் கழற்றிவிடுவோம். அவனுக்கு வலிக்காது. மாலையில் கழற்றும்போதுதான் புண் தெரியும். அந்தப் புண் எலும்பு வரை போனால் விரலே போகலாம். செருப்புத் தைக்கும் அறையில் ஆணி அடிக்காமல், உள்ளே மைக்ரோ செல்லுலார் ரப்பர் வைத்து, முன்பக்கம் அகலமாய் ஒரு கறுப்பு ஷூ செய்துகொடுத்தார்கள். முதல் நாள் ஒரு மணி நேரம் மட்டும் போட்டு, கழற்றி, பாதத்தைப் பார்த்து, மெள்ள மெள்ள நேரத்தைக் கூட்டினான். சர்க்கரை நோயால் கால் மரத்தவர்களுக்கும் இதே புத்திமதிதான். குணமடைந்த தொழுநோயாளர் 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்கீழ் வருகிறவர்கள் என்பதையும் அவனுக்குச் சொன்னோம். மறைக்க வேண்டியது ஒன்றுமில்லை என்று அறிந்தபின் அவன் நடையே மாறிற்று.

நண்பர்களே, கொடுக்கிற உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நியூயார்க் நகரில் நான்சி லுப்ளின் என்ற சட்டக் கல்லூரி மாணவி, கொள்ளுத் தாத்தாவிடமிருந்து வந்த 5,000 டாலரைக் கொண்டு, வேலை தேடும் ஏழைப் பெண்களுக்கு நேர்முகத் தேர்வு உடை கொடுக்கும் பணியைத் தொடங்கினார். 1997இல் உருவான அந்த அமைப்பு பிற்பாடு பல தேசங்களுக்குப் பரவிற்று. நமக்கு அவ்வளவு பெரிய முயற்சி தேவையில்லை. உங்கள் வீட்டு வேலைக்கு வரும் அம்மாளின் மகனையோ பக்கத்துத் தெருப் பெண்ணையோ நினைத்துப் பாருங்கள். பழைய சட்டை கொடுப்பதானால் துவைத்து, பட்டன் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்து, இஸ்திரி போட்டு, பிடித்துத் தைக்கும் கூலியையும் சேர்த்துக் கொடுங்கள். நீங்கள் போட்டுக்கொண்டு போக வெட்கப்படும் உடையை அவர்களுக்குக் கொடுக்கவேண்டாம். முடியுமானால் பிள்ளையையே கடைக்குக் கூட்டிப்போய், அவன் கையாலேயே தெரிந்தெடுக்க விடுங்கள். "எது பிடிச்சிருக்கு?" என்று அவனிடம் ஒருவரும் அதுவரை கேட்டிருக்க மாட்டார்கள்.

கடைசியாகப் பிள்ளைகளே, ஒன்றை மறவாதீர்கள். நல்ல உடை உடுத்தியவனை மேலிடத்திலும் கந்தை கட்டியவனைக் கீழிடத்திலும் உட்காரவைப்பதை யாக்கோபு தமது நிருபத்தில் கண்டிக்கிறார். உலகம் இன்னும் அப்படித்தான் நடக்கிறது. அதனால்தான் உங்களை ஆயத்தப்படுத்துகிறோம். ஆனால் ஒரு நாள் நீங்களும் அந்த மேசைக்கு மறுபுறம் அமருவீர்கள். அன்று காலர் நைந்த சட்டையோடு ஒரு பிள்ளை உள்ளே வருவான். அவனை உட்காரச் சொல்லி, முதலில் அவன் படித்ததைப் பற்றிக் கேளுங்கள்.

தேவன் உங்கள் போக்கையும் வரத்தையும் ஆசீர்வதிப்பாராக.