அனுமதிச் சீட்டின் முதற் பக்கம்



1954 ஆம் ஆண்டு மார்கழித் திங்களில் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் ஒருவருடைய சிறுநீரகம் அவருடைய இரட்டைச் சகோதரருக்குப் பொருத்தப்பட்டது. ஒத்த இரட்டையராதலின் உடல் அதனைப் பகையென்று தள்ளவில்லை. நம்மவருள் எத்தனை பேருக்கு அத்தகைய வாய்ப்புக் கிட்டும்? பெற்ற தாயே ஈந்ததாயினும், வந்த உறுப்பை உடல் எதிர்க்கவே முற்படும். அவ்வெதிர்ப்பை அடக்கும் மருந்தை நாள்தோறும் குறித்த நேரத்தில் உட்கொண்டாக வேண்டும்.

கொழும்பிலோ கண்டியிலோ சத்திரசிகிச்சை பெற்று ஊர் திரும்பிய கமக்காரர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். மாரி மழையில் வயலில் இறங்குகிறார்; காய்ச்சல் காண்கிறது. 2024 மார்கழியில் எலிக்காய்ச்சல் இக்குடாநாட்டில் உயிர்களைக் கொண்டு போனதை நாம் மறந்துவிடவில்லை. நள்ளிரவில் அவரை மந்திகைக்கோ, தெல்லிப்பழைக்கோ, யாழ்ப்பாணத்துக்கோ கொண்டு செல்கிறார்கள். அனுமதிச் சீட்டில் "காய்ச்சல், மூன்று நாள்" என்று மட்டும் எழுதப்படுமாயின் நேர்வதென்ன?

அவர் உண்ணும் மருந்துகள் காய்ச்சலின் வேகத்தை மறைத்துவிடக்கூடும். சிறு காய்ச்சலென்று விட்டுவிட இடமுண்டு. கிளாரித்ரோமைசின் என்னும் கிருமிகொல்லியைக் கொடுத்தால், டாக்ரோலிமஸ் மருந்தின் அளவு இரத்தத்தில் மிகையாகி, காக்க வேண்டிய சிறுநீரகத்தையே தாக்கும். நோவுக்கென்று கொடுக்கும் டைக்குளோபினாக்கும் அதற்குத் தீங்கே செய்யும். வழக்கமான மாத்திரை இரண்டு நாள் தவறினாலோ, உடலின் எதிர்ப்புத் தலைதூக்கலாம். அன்றியும், டாக்ரோலிமஸின் அளவை அறியும் இரத்தத்தைக் காலை மாத்திரைக்கு முன்னரே எடுத்தல் வேண்டும். கடைசி மாத்திரை உண்ட மணி தெரியாவிடின் வரும் எண்ணுக்குப் பொருளில்லை.

ஆகவே நாம் கேட்பது பெரிதன்று. அனுமதிச் சீட்டின் முதற் பக்கத்து மேற்புறத்திலேயே தனியிடம் ஒன்று வேண்டும். பொருத்திய உறுப்பு எது, எந்த ஆண்டில், எந்த வைத்தியசாலையில், உண்ணும் மருந்துகளும் அளவும் எவை, கடைசியாக உண்டது எத்தனை மணிக்கு, நோயாளியைக் கண்காணிக்கும் பிரிவின் தொலைபேசி எண் யாது என்பன அங்கே இருத்தல் வேண்டும். புதிய கட்டடமோ வெளிநாட்டு இயந்திரமோ கேட்கிறோமா? அச்சகத்தில் ஆறு வரி கூட்டுவதற்கு யாருடைய அனுமதிக்காகக் காத்திருப்பது?

மொழியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 19 ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் வைத்தியர் கிறீன் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்தார். வைத்திய நூல்களையும் தமிழாக்கினார். அம்மண்ணில் இன்று நோயாளி வீட்டுக்குக் கொண்டுவரும் அட்டை ஆங்கிலத்தில் இருக்கிறது. (அவ்வெழுத்தை வாசிக்க ஆங்கிலம் கற்றவர்களும் திண்டாடுவதுண்டு.) வைத்தியர்களுக்கு ஆங்கிலம் இருக்கட்டும், வீட்டாருக்குத் தமிழில் ஒரு தாள் கூடவே வரட்டும்.

சீட்டு மாறும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. உறுப்பு மாற்றப் பெற்றவருள்ள வீடுகளில் இவ்விவரங்களை இன்றே ஒரு தாளில் எழுதி, கிளினிக் கொப்பியுடன் ஒரு பையில் வையுங்கள். மாத்திரை உறைகளையும் அதிலேயே இடுங்கள். கடையில் வேறு பெயருள்ள மாத்திரை தந்திருந்தால், எந்த நாளில் மாறியது என்பதையும் குறித்து, உங்கள் கிளினிக்குக்கு அறிவியுங்கள்.