குரு விலகிய பின் நிற்கும் சங்கம்



ஏழைக் கிராமங்களில் கத்தோலிக்க குருக்கள் வளர்த்த முதியோர் கல்வியையும் கூட்டுறவையும் ஆராய நாம் ஹனோவரில் கூடியிருக்கிறோம். இதற்குத் தலைமை ஏற்கும் வாய்ப்பை அளித்த அமைப்பாளர்களுக்கு நன்றி. தலைமை உரை நீண்டால் அடுத்து வரும் கட்டுரைகளின் நேரம் குறையும் என்பதை அறிவேன். ஆகவே ஒரே ஒரு கேள்வியை உங்கள் முன் வைத்துவிட்டு அமர்கிறேன்.

இந்தப் பொருளைப் பேச இந்த ஊர் பொருத்தமானதுதான். ஹனோவர் அரசின் நீதி அமைச்சராக இருந்த லுட்விக் விண்ட்ஹோர்ஸ்ட் இந்நகரத்துப் புனித மரியா ஆலயத்தில்தான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1891-இல் இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன் அவர் ஊக்கி உருவாக்கியதே கத்தோலிக்க ஜெர்மனிக்கான மக்கள் சங்கம். தொழிலாளரும் விவசாயியும் மாலை நேரத்தில் பொருளாதாரமும் சமூகச் சட்டமும் படிப்பதற்கான அமைப்பு அது. ஃப்ரான்ஸ் ஹிட்சே, ஆகுஸ்ட் பீப்பர் போன்ற குருக்கள் அதை நடத்தினார்கள். முதல் உலகப் போர் தொடங்கியபோது அதன் உறுப்பினர்கள் சுமார் 8 லட்சம் பேர். 1933-இல் நாஜி அரசு அதைக் கலைத்தது.

நம் பக்கத்துக் கதைக்கு வருகிறேன். 1892-இல் சென்னை மாகாண அரசு பிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியிடம் ஒரு பணியை ஒப்படைத்தது. விவசாயிக்குக் குறைந்த வட்டியில் கடன் கிடைக்க வழி என்ன என்று ஐரோப்பாவைப் பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும். 1895-லும் 1897-லும் அவர் தந்த அறிக்கை இரண்டு பெரிய தொகுதிகள். அத்தனை பக்கங்களின் சாரத்தையும் அவர் ஒரே வரியில் அடக்கினார்: ரைஃபைசனைக் கண்டுபிடியுங்கள். சட்டமும் பணமும் பிறகு வரட்டும், ஜெர்மனியில் கிராமக் கடன் சங்கங்களை உருவாக்கிய ரைஃபைசனைப் போல கிராமத்துக்காக உழைக்கும் ஒரு மனிதரை முதலில் தேடுங்கள் என்பது அதன் பொருள். 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டு திரூரில் தமிழ்நாட்டின் முதல் கிராமக் கடன் சங்கம் தொடங்கியது.

நிக்கல்சன் சொன்னது சரி. ஆனால் பாதிதான் சரி. ஆளைக் கண்டுபிடித்தாயிற்று; அந்த ஆள் போன மறுநாள் என்ன ஆகும்? இதுதான் என் கேள்வி. இன்று பேசப்போகும் குருக்களின் பணியை அவர்கள் இருந்தபோது கூடிய கூட்டத்தை வைத்து அளக்கக் கூடாது. அவர்கள் இல்லாதபோது மக்களால் எதைச் செய்ய முடிந்தது என்பதை வைத்தே அளக்க வேண்டும்.

ரைஃபைசன் புரொட்டஸ்டன்ட். ஒரு சிற்றூர் நிர்வாகத்தின் தலைவர், பாதிரியார் அல்லர். 1848 முதல் 1852 வரை அவர் பணியாற்றிய ஃப்ளாமர்ஸ்ஃபெல்டுக்கு அருகில் ஹோர்ஹவுசன் என்ற ஊர் இருக்கிறது. கேயோர்க் ஃப்ரீட்ரிஷ் டாஸ்பாஹ் 1846-இல் பிறந்தது அங்கேதான். 1871-இல் குருவான அவர் ட்ரியர் மறைமாவட்டத்தில் முதலில் கையில் எடுத்த கருவி பத்திரிகை. 1875-இல் பவுலினுஸ் இதழைத் தொடங்கினார். 1884-இல் ட்ரியர் விவசாயிகள் சங்கத்தை நிறுவினார். கூட்டுறவு வங்கி அதன் பிறகு வந்தது. இந்த வரிசையைக் கவனியுங்கள்: முதலில் வாசிப்பு, பிறகு ஒன்றுகூடல், கடைசியில்தான் பணம்.

அந்த வரிசைக்குக் காரணம் இருந்தது. அந்தப் பகுதியில் மாட்டு வியாபாரி தன் பசுவை ஏழை விவசாயியின் தொழுவத்தில் கட்டிவைப்பான். தீனி போடுவது விவசாயி. கன்றின் லாபத்தில் வியாபாரிக்குப் பங்கு. பசுவை எப்போது ஓட்டிக்கொண்டு போவது என்பதும் வியாபாரியின் விருப்பம். நம்மூர் வாரத்துக்கு மாடு வளர்ப்பவருக்கு இது புரியும். கையெழுத்திட்ட பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாதவனுக்கு மலிவுக் கடன் கொடுத்தால், அந்தப் பணமும் போய்ச் சேருவது பழைய வட்டிக்காரனிடம்தான். அதனால்தான் டாஸ்பாஹ்வின் சங்கம் விவசாயிக்குச் சட்ட உதவியும் தந்தது.

அதே ட்ரியர் மறைமாவட்டத்தின் எல்லையில் லக்சம்பர்கை ஒட்டி வாலன்டோர்ஃப் என்ற சிற்றூர் இருக்கிறது. 1857-இல் அங்கே பிறந்த யோஹான் பாப்டிஸ்ட் ஹோஃப்மன் இயேசு சபைக் குருவாகச் சோட்டா நாக்பூருக்கு வந்து முண்டா மக்களிடையே வாழ்ந்தார். காட்டைத் திருத்திய முதல் குடும்பங்களின் வழிவந்தோர்க்கு அந்த நிலம் கூட்டாகச் சொந்தம் என்பது முண்டாக்களின் குந்த்கட்டி முறை. ஜமீன்தார்களும் வெளியூர் வட்டிக்காரர்களும் அந்த உரிமையை அரித்துத் தின்றார்கள். கூலியில்லாத கட்டாய வேலை வேறு. பிர்சா முண்டாவின் எழுச்சி வெடித்தது. 1899 கிறிஸ்துமஸ் முன்னிரவில் சர்வதா கத்தோலிக்க மிஷன் மீதும் அம்புகள் பாய்ந்தன. 1900 ஜூன் 9-இல் பிர்சா ராஞ்சிச் சிறையில் இறந்தார்.

ஹோஃப்மன் அந்த மக்களுக்கு உபதேசம் செய்வதோடு நிற்கவில்லை. அவர்களிடம் படித்தார். 1903-இல் முண்டாரி இலக்கணத்தை வெளியிட்டார். நில முறை பற்றி லிஸ்டர் என்ற அதிகாரியுடன் சேர்ந்து விரிவான குறிப்பு எழுதினார். 1908-இல் வந்த சோட்டா நாக்பூர் குத்தகைச் சட்டத்தில் அவருடைய உழைப்பு கலந்திருக்கிறது. சட்டம் வந்த மறு ஆண்டே, 1909-இல், ராஞ்சியில் கத்தோலிக்கக் கூட்டுறவுக் கடன் சங்கத்தைத் தொடங்கினார். சட்டம் நிலத்தைக் காக்கலாம். விதைநெல்லுக்கும் கல்யாணச் செலவுக்கும் வழியில்லாதவன் சட்டப் புத்தகத்தை அடகு வைக்க முடியாது. மறுபடியும் வட்டிக்காரன் வாசலுக்குத்தான் போவான். இரண்டும் சேர்ந்தே நிற்க வேண்டும் என்று அவர் கண்டார்.

1915-இல் என் கேள்விக்கான சோதனை வந்தது. போர் நடந்துகொண்டிருந்தது. ஜெர்மானியர் என்பதால் ஆங்கில அரசு அவரை நாடு கடத்தியது. தம் மக்களை அவர் மறுபடி பார்க்கவே இல்லை. ட்ரியரில் இருந்துகொண்டு முண்டாரிக் கலைக்களஞ்சியத்தை எழுதியபடி 1928-இல் மறைந்தார். அதன் முதல் தொகுதி அச்சில் வந்தது 1930-இல்தான். ஆனால் ராஞ்சியில் அவர் நட்ட சங்கம் சாயவில்லை. நிறுவனர் போன பின்னும் பல பத்தாண்டுகள் கடன் கொடுத்தது, வசூலித்தது, கணக்கு எழுதியது. ஹோஃப்மனின் பெருமையை நான் இங்கேதான் காண்கிறேன்.

நம் கடற்கரைக்குப் போவோம். அந்நாளில் குமரி மாவட்ட மீனவ ஊர்களில் பங்குத்தந்தை பூசை வைப்பவர் மட்டும் அல்லர். பிடித்த மீனில் ஒரு பங்கு கோயிலுக்குச் சேர்ந்தது; அதை வசூலிக்கும் உரிமையைக் குத்தகைக்கு விட்டார்கள். ஊர் வழக்கும் அவர் முன்னால்தான் தீர்ந்தது. இப்படி அதிகாரம் முழுவதும் ஓரிடத்தில் குவிந்த ஊரில் ஒரு குருவே வந்து, உங்கள் வரவு செலவை நீங்களே பாருங்கள் என்று சொல்வது சின்ன விஷயம் இல்லை. கோட்டாறு மறைமாவட்டத்தில், பெல்ஜியத்திலிருந்து வந்த ஜேம்ஸ் தோம்பேர் அடிகளாரும் கோட்டாறு சமூக சேவைச் சங்கமும் அதைத்தான் செய்தார்கள்.

மீனவருக்குக் கட்டுமரமும் வள்ளமும் வலையும் வாங்க வியாபாரி முன்பணம் கொடுப்பார். அதற்கு வட்டி என்று ஒன்று எழுத மாட்டார். ஆனால் கரைக்கு வரும் மீனை அவரிடமே, அவர் சொன்ன விலைக்கே கொடுக்க வேண்டும். கடன் தீர்ந்துவிட்டால் இந்தப் பிடி தளரும்; ஆகவே கடன் தீராமல் இருப்பதுதான் வியாபாரிக்கு லாபம். 1970-களில் வளர்ந்த மீனவர் சங்கங்கள் கை வைத்தது இந்த முடிச்சில்தான். வள்ளம் கரையேறியதும் மணலிலேயே சங்கத்தின் ஏலம் நடக்கும். யார் அதிகம் கேட்கிறாரோ அவருக்கே மீன். சங்க எழுத்தர் பெயரையும் தொகையையும் பதிவேட்டில் குறிப்பார். விற்ற பணத்தில் கடனுக்கு ஒரு பங்கு, சேமிப்புக்கு ஒரு பங்கு, சங்கச் செலவுக்கு ஒரு பங்கு கழித்து மிச்சம் மீனவர் கைக்கு வரும். மீன் நிறையப் பட்ட நாளில் அதிகம் கழியும். வெறும் வலை வந்த நாளில் ஒன்றும் கழியாது. கடலின் போக்கை ஒட்டித் தவணை கட்டும் இந்த ஏற்பாட்டை எந்த வங்கி அதிகாரியும் வகுத்ததில்லை.

எனக்கு இந்தப் பதிவேடுதான் முதியோர் கல்வியின் பாடநூல். தன் பெயருக்கு நேரே எழுதியிருக்கும் எண்ணைப் படிக்கத் தெரிய வேண்டும் என்ற தேவை வந்துவிட்டால் எழுத்தறிவு வகுப்புக்கு ஆள் பிடிக்க வேண்டியதில்லை. முட்டத்தில் பியேர் ஜில்லே என்பவர் நடத்திய படகு கட்டும் முயற்சியும் இப்படித்தான். வள்ளத்துக்கு ஏற்ற பெருமரங்கள் அருகிவந்த காலத்தில் அவர் ஒட்டுப்பலகையில் படகு கட்டினார். மீனவர்கள் கடலில் ஓட்டிப் பார்த்துக் குறை சொல்ல, மறுபடி மாற்றினார். அந்த முயற்சியின் தோல்விகளையும் மறைக்காமல் அவரே நூலாக எழுதியிருக்கிறார். 1980-இல் பதிவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பில் கேரளத்துச் சங்கங்களோடு குமரிச் சங்கங்களும் இணைந்தன. அதன் பிறகு நிர்வாகம் ஒரு பங்கின் எல்லைக்குள் அடங்கவில்லை.

கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஜிம்மி டாம்ப்கின்ஸ், மோசஸ் கோடி என்ற இரு குருக்கள் நடத்திய ஆன்டிகோனிஷ் இயக்கத்தைப் பற்றித் தனி அமர்வே இருப்பதால் நான் சுருக்கமாகத் தொட்டுச் செல்கிறேன். 1928-இல் புனித பிரான்சிஸ் சேவியர் பல்கலைக்கழகம் தொடங்கிய விரிவாக்கத் துறையின் முதல் இயக்குநர் கோடி. பத்துப் பேர் ஒரு வீட்டு அடுப்பங்கரையில் வாரந்தோறும் கூடிப் படிப்பார்கள். படித்து முடித்ததும் ஒரு தொழிலைக் கூட்டாகத் தொடங்க வேண்டும். அது கடன் சங்கமாக இருக்கலாம், கடையாக இருக்கலாம், சிங்கி இறால் பதப்படுத்தும் நிலையமாகவும் இருக்கலாம். புரொட்டஸ்டன்ட் அண்டை வீட்டாரும் அதில் உண்டு. ராஞ்சிச் சங்கத்தின் பெயரிலேயே கத்தோலிக்கம் இருந்தது. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது நம் கருத்தரங்கின் வேலை.

இந்தக் கதையில் இருட்டான பக்கமும் உண்டு. அதை மூடிவிட்டுப் புகழ்மாலை சூட்டுவது ஆய்வாகாது. இந்த நாட்டுக் கிராமங்களில் வட்டிக்கொடுமைக்கு எதிரான கோபம் எளிதில் யூத வெறுப்பாகத் திரிந்தது. 1887-இல் மார்பர்க் தொகுதியில் வென்ற ஓட்டோ போக்கெல், விவசாயிகளின் கடன் துயரத்தையே அந்த வெறுப்புக்கு முதலாக்கினார். கத்தோலிக்க, புரொட்டஸ்டன்ட் கூட்டுறவுத் தலைவர்களின் பேச்சிலும் அந்த நஞ்சு கலந்ததுண்டு. அந்த வெறுப்பு இந்த ஊரையும் தொட்டது. 1919-இல் ஹனோவரில் முதியோருக்கான மக்கள் கல்விக்கூடத்தைத் தம் மனைவி ஆடாவோடு நிறுவியவர் யூதச் சிந்தனையாளர் தியோடோர் லெஸ்ஸிங். 1933-இல் நாட்டைவிட்டு ஓடிய அவரை மரியன்பாடில் நாஜிகள் சுட்டுக் கொன்றார்கள். அந்தக் கல்விக்கூடம் இன்று அவ்விருவர் பெயரையும் தாங்கி நிற்கிறது. கடனின் கணக்கைக் கற்றுக்கொடுத்தும், கடன் கொடுத்தவனின் சாதியையும் மதத்தையும் குற்றவாளியாக்கும் பழக்கத்தை மாற்றாத கல்வி அரைக்கல்வி. நம் நாட்டுக்கும் இது பொருந்தும்.

இங்கே வாழும் ஈழத்தமிழர்களிடமும் ஒரு வார்த்தை. யாழ்ப்பாணத்து மூளாயில் 1936-லேயே மக்கள் கூட்டுறவாக மருத்துவமனை கட்டியவர்கள் நீங்கள். இந்த நாட்டுக்கு வந்த முதல் ஆண்டுகளில் சீட்டுப் பிடித்துத்தான் பலர் கடை வைத்தீர்கள், தங்கைக்குக் கல்யாணம் செய்தீர்கள். சீட்டு நம்பிக்கையால் நடக்கிறது. அந்த நம்பிக்கை ஒருவர் தலையில் நிற்கிறது. அந்த ஒருவர் ஓடிவிட்டால் எல்லாம் போச்சு. சங்கம் அப்படி அன்று. அங்கே கணக்கு எல்லோர் கண்ணுக்கும் திறந்திருக்கும், தலைமை தேர்தலில் மாறும். ஒருவரை நம்பியிருப்பதிலிருந்து முறையை நம்புவதற்கு மக்களைக் கொண்டுபோவதுதான் நாம் இங்கே பேசும் குருக்களின் முழு வேலையும்.

2016-இல், ஜெர்மனி முன்மொழிந்ததன் பேரில், கூட்டுறவு என்ற சிந்தனையும் செயலும் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. மகிழ்ச்சிதான். ஆனால் பட்டியலில் ஏறியது ஆய்வில் ஏறவில்லை. குருக்களின் வாழ்க்கை வரலாறுகள் நம்மிடம் உண்டு. சங்கங்களின் வரலாறுகள் மிகக் குறைவு. நிறுவனரின் படம் சுவரில் தொங்குகிறது. முதல் எழுத்தரின் பெயர் தெரியவில்லை. மீன் கூடையைத் தலையில் சுமந்து விற்ற பெண்கள் இந்தச் சங்கங்களுக்குள் பெரும்பாலும் இடம் பெறவில்லை. ஏன் என்று கேட்ட ஆய்வுகள் போதாது. மூடிப்போன சங்கங்களின் பதிவேடுகள் கரையான் தின்னக் கிடக்கின்றன.

ஆகவே இக்கருத்தரங்கில் கட்டுரை படிப்போரிடம் மூன்று வேண்டுகோள். ஒவ்வொரு சங்கத்தையும் அதன் நிறுவனர் விலகிய ஆண்டிலிருந்து பின்னும் முன்னும் பாருங்கள். குருவின் கடிதங்களைப் படிக்கும் முன் சங்கத்தின் பேரேட்டையும் கூட்டக் குறிப்பேட்டையும் படியுங்கள். ஊருக்குத் திரும்பும்போது உங்கள் பகுதியில் மிஞ்சியிருக்கும் ஒரு பதிவேட்டையாவது படமெடுத்துப் பொது நூலகம் ஒன்றில் சேருங்கள். இந்த மூன்றும் நடந்தால் அடுத்த கருத்தரங்குக்கு என்னைவிட நன்றாகப் பேசக்கூடிய தலைவர் கிடைப்பார்.

கருத்தரங்கைத் தொடங்கி வைத்து, முதல் அமர்வின் கட்டுரையாளர்களை மேடைக்கு அழைக்கிறேன்.