மருந்துக்கு விளம்பரம் எதற்கு?

(கல்லடிப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



படுவான்கரையிலே வேளாண்மை செய்வோருக்கு முழங்கால் வலி புதிதன்று. அவ்வலியைத் தீர்க்க 1999 ஆம் ஆண்டு அமெரிக்காவில் ‘வயாக்ஸ்’ என்றொரு மருந்து வந்தது. வைத்தியரின் துண்டின்றி வாங்க முடியாத மருந்து அது. ஆயினும், 1997 இல் அந்நாட்டு அரசாங்கம் விதிகளைத் தளர்த்தியிருந்தமையால், அதன் விளம்பரம் தொலைக்காட்சி வழியே வீடுதோறும் புகுந்தது. பனிச்சறுக்கு நடனத்தில் புகழ்பெற்ற வீராங்கனை ஒருவரே அதற்குச் சாட்சி சொன்னார். மக்கள் மருந்தின் பெயரைச் சொல்லி வைத்தியரிடம் கேட்டு வாங்கினர். பழைய மலிவான மாத்திரையே போதுமானவர்களும் கேட்டனர்.

2004 செப்டெம்பரில் கம்பெனியே அதனைச் சந்தையிலிருந்து மீட்டுக்கொண்டது. மாரடைப்பும் பக்கவாதமும் காரணம். 2007 இல் வழக்காளிகளுக்கு 485 கோடி டொலர் கொடுக்க இணங்கிற்று. போன உயிருக்கு டொலர் ஈடாகுமா? விளம்பரமே கொன்றது என்று நான் வாதாடவில்லை. மருந்தின் குற்றம் மருந்தினுடையது. ஆனால், தேவையற்றவர் கைக்கும் அதைக் கொண்டு சேர்த்தது எது?

இத்தகைய விளம்பரத்தை இன்றும் தாராளமாக அனுமதிப்பவை அமெரிக்காவும் நியூசிலாந்துமே. வியாபாரப் பெயரின் மயக்கத்தை ஒழித்து, மருந்தை அதன் பொதுப்பெயரால் வழங்க வேண்டுமென்று பாடுபட்ட பேராசிரியர் சேனக பிபிலேயின் நாடு இது. அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் 1971 இல் அவருடைய முயற்சியால் எழுந்தது. மருந்துகளை ஒழுங்குபடுத்த 2015 இல் தனி அதிகாரசபையும் சட்டத்தால் அமைந்தது.

சட்டம் இருக்கிறது, வானத்துக்கு வேலி இல்லையே! கடலுக்கு அப்பாலிருந்து வரும் தமிழ் அலைவரிசைகளிலே, நீரிழிவை அடியோடு போக்குவதாக ஒருவர் மணிக்கணக்கிற் பேசுகிறார். இந்தியாவின் 1954 ஆம் ஆண்டுச் சட்டப்படி அது அங்கேயே குற்றம். அவ்விளம்பரச் சட்டம் எவ்வளவு உறங்கிக் கிடந்ததென்றால், 2024 இல் பதஞ்சலி நிறுவனம் பத்திரிகைகளில் மன்னிப்பு வெளியிடுவதற்கு உச்ச நீதிமன்றமே தலையிட வேண்டியிருந்தது.

அந்தப் பேச்சை நம்பி, ஆசுபத்திரியில் இலவசமாகக் கிடைக்கும் மாத்திரையை ஒருவர் நிறுத்திவிட்டால், இழப்பது காலையா, கண்ணையா, சிறுநீரகத்தையா? பேசியவர் அகப்படமாட்டார். ஆனால் மாதந்தோறும் நம்மிடம் பணம் வாங்கி அந்த அலைவரிசையை வீட்டுக்குள் விடுகின்ற நிறுவனம் இங்கேதான் இருக்கிறது. அதனை நம் அரசாங்கம் கேள்வி கேட்க வேண்டும். கேட்கும்படி நாம் செய்ய வேண்டும்.

ஆதலால், எந்த அலைவரிசை, எந்த நாள், எத்தனை மணி, என்ன சொன்னார்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டு வாருங்கள். படித்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களைக் கொண்டு எழுதுவியுங்கள். முறைப்பாட்டை நான் வரைந்து தருகிறேன், கட்டணம் வேண்டாம்.